சுவர் பார்க்கும் பிள்ளைகள்

சின்னத்தாய்க்கு அந்தப் பெண்ணிடம் முதலில் பிடிக்காமல் போனது அவளுடைய மரியாதை.

ஜீப்பிலிருந்து இறங்கினாள். செருப்பை வாசலில் கழற்றினாள். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டு, "ஏனுங்க அக்கா, நீங்கதானுங்களா இங்க ஆயா? சாப்புட்டீங்களா?" என்று கேட்டாள்.

வண்டன்மேட்டுக்கு அப்பால் உள்ள அந்த ஏலத்தோட்டத்தில் பதினான்கு வருஷமாகப் பிள்ளைக் காப்பகத்து ஆயாவாக இருக்கிறவள் சின்னத்தாய். மேனேஜர் அவளை 'ஆயா' என்பார். ஃபீல்ட் ஆபீசர் ஜோமோன், காரியம் ஆக வேண்டியிருந்தால் மட்டும், 'சேச்சி' என்பான். மற்றவர்கள் 'ஏ' என்பார்கள். இவ்வளவு மரியாதையை இலவசமாகக் கொடுக்கிறவள் திரும்பிப் போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டுதான் போவாள் என்று சின்னத்தாய் வாசலிலேயே முடிவு செய்துவிட்டாள்.

பெண்ணின் பெயர் மௌனிகா. ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை. அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் குழந்தை வளர்ச்சி பற்றி மேல்படிப்பு படிக்கிறாள். ஒரு மாதம் காப்பகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்து எழுத வேண்டுமாம். மேனேஜர் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதத்தை நீட்டினாள். கையெழுத்தைப் பார்த்ததும் சின்னத்தாய்க்கு மீதியும் விளங்கிவிட்டது.

"பிள்ளைகளப் பாத்து எழுத என்னத்தா இருக்கு? திங்கும், தூங்கும், மூக்க ஒழுக்கும்."

"அதேதானுங்க அக்கா எழுதோணும்."

"அதுக்கு மேனேஜர் கையெழுத்து எதுக்கு?"

"அவரு தோட்டமாச்சுங்களே, கேக்காம வர முடியுங்களா?"

பதில் சரியாக இருந்தது. சரியான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் மீது சின்னத்தாய்க்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகம் வரும்.

சந்தேகப்பட அவளுக்கு நியாயமும் இருந்தது. பத்தொன்பது பிள்ளைகள் இருந்த காப்பகத்தில் இப்போது பதினொன்றுதான். பாதிக் குடும்பங்கள் கம்பத்திலேயே வீடு வைத்துக்கொண்டு, காலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி வந்து, சாயங்காலம் இறங்கிப் போகின்றன. அவர்களுடைய பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டன. தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறவர்களின் பிள்ளைகள் மட்டும்தான் மிச்சம். போன மாதம் ஜோமோன் டீயைக் குடித்துக்கொண்டே, "சேச்சி, இந்த கிரஷ்ஷ கீழ் டிவிஷன் கிரஷ்ஷோட சேக்கப் போறதா ஆபீஸ்ல பேச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். கீழ் டிவிஷன் நாலு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்குள்ள காப்பகத்தில் ஏற்கெனவே ஓர் ஆயா இருக்கிறாள். அப்படிச் சேர்த்தால் சின்னத்தாய் மறுபடியும் செடிக்கடியில் குனிந்து ஏலக்காய் எடுக்கப் போக வேண்டும். அது ஆகாது என்று அவள் இடுப்பு பலமுறை சொல்லியிருக்கிறது.

ஆகவே மௌனிகா யார் என்பதில் குழப்பமே இல்லை. காப்பகத்தை மூடக் காரணம் தேடி ஆபீஸ் அனுப்பிய ஆள். உட்கார அவளுக்கு ஒரு கால் குட்டையான ஸ்டூலைக் கொடுத்தாள். சர்க்கரை போடாத டீயைக் கொடுத்தாள். "நல்லா இருக்குதுங்க" என்று மௌனிகா ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். சந்தேகம் உறுதியாயிற்று.

நாலரை மணிக்கு மேட்டில் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. வேலை முடிந்து தாய்மார்கள் இறங்கி வருகிறார்கள். மௌனிகா நோட்டை விரித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். படிப்பில் சொல்லிக்கொடுத்த முக்கியமான கட்டம் இது. பிரிந்து போன அம்மா திரும்பி வரும்போது, முதல் மூன்று நிமிஷத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஓடிப் போய்க் கட்டிக்கொண்டால் ஒரு வகை. அழுதுகொண்டே அடித்தால் ஒரு வகை. கண்டுகொள்ளாமல் இருந்தால் இன்னொரு வகை. அது கவலைப்பட வேண்டிய வகை.

பதினொரு பிள்ளைகளும் விளையாட்டை அப்படியே போட்டன. ஓடிப் போய்ச் சுவரோரப் பெஞ்சில் ஏறின. வாசலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கைகளை அக்குளில் செருகிக்கொண்டன. நாலு வயசு அருண்பாண்டி தலைவன் மாதிரி எண்ண ஆரம்பித்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழு..."

மௌனிகாவின் பேனா ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு வேகமாக எழுதியது. நாலு முப்பத்தைந்துக்கு நோட்டை மூடி, "போய்ட்டு வர்றனுங்க அக்கா" என்று கும்பிட்டு, வண்டன்மேட்டுக்குப் போகும் கடைசி ஷேர் ஜீப்பைப் பிடிக்க ஓடினாள். தினமும் இதே கதைதான். முதல் மூன்று நிமிஷத்தைப் பார்த்தாள். நான்காவது நிமிஷத்தைப் பார்க்க ஜீப் விடவில்லை.

நான்காவது நிமிஷத்தில் நடப்பது இது. தாய்மார்கள் இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் ஷீட்டையும் மேலே போட்ட ஆம்பளைச் சட்டையையும் பக்கவாட்டுச் சுவரில் உள்ள ஆணியில் மாட்டுவார்கள். அங்குள்ள குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை, முகம் வரை, கால் வரை கழுவுவார்கள். சின்னத்தாய் ஒவ்வொருத்தியாக முகர்ந்து பார்த்து, "போ" என்ற பிறகுதான் பிள்ளை சுவரிலிருந்து திரும்பும். பிறகு நடப்பதைச் சொல்லத் தேவையில்லை. சத்தம் கீழ்ரோடு வரை கேட்கும்.

இந்தச் சட்டத்தைப் போட்டது சின்னத்தாய். அவள் காய் எடுக்கப் போன காலத்தில், பூச்சிமருந்தடித்த செடிக்குள் நாள் முழுக்கக் குனிந்திருந்துவிட்டு வந்து, அதே சேலையோடு மகன் மணிகண்டனைத் தூக்கினாள். மூன்று நாள் அவன் கண் திறக்கவில்லை. தூசி என்றார் கம்பவுண்டர். இன்னொரு தரமும் அப்படியே ஆனது. அவள் தேதி பார்த்தாள். இரண்டு தடவையும் மருந்தடித்த மறுநாள். யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் சங்கையா மருந்தடிக்கிற கூட்டத்தில்தான் வேலை செய்கிறான். மருந்தைக் குறை சொன்னால் கம்பெனியைக் குறை சொன்னதாக ஆகும். ஆயா வேலை கிடைத்த அன்று சுவரைக் காட்டி, "அம்மா வந்தா அங்கிட்டுத் திரும்பி உக்காரணும்" என்றாள். ஏன் என்று கேட்ட தாய்மார்களிடம், "ஒழுக்கம்" என்றாள்.

ஆபீஸ் அனுப்பிய ஆளிடம் மட்டும் காரணத்தைச் சொல்லிவிடுவாளா?

மூன்றாம் வாரம், மௌனிகா கக்கூஸுக்குப் போன நேரம் பார்த்துச் சின்னத்தாய் நோட்டைத் திறந்தாள். எல்லாம் இங்கிலீஷ். ஒரு பக்கத்தில் பதினொரு பெயர், பதினொரு பெருக்கல் குறி. செல்போனில் அதைப் படம் பிடித்துச் சாயங்காலம் சிவசங்கரியிடம் காட்டினாள். சிவசங்கரி பிளஸ் டூ வரை படித்தவள். அவளுடைய இரண்டரை வயசு மகள் இந்து, பதினொன்றில் ஒருத்தி.

சிவசங்கரி விரலால் படத்தைப் பெரிசாக்கிப் படித்தாள். அவள் முகம் மாறியது. "மதினி, அம்மாவக் கண்டா ஒதுங்குதுன்னு போட்டிருக்கா."

"எந்தப் பிள்ள?"

"எல்லாப் பிள்ளையும். என் இந்துவும்தான்."

"அம்மாவக் கண்டா ஒதுங்குதா? எம் பிள்ளைகளா?" சின்னத்தாய் எழுந்து நின்றுவிட்டாள். "பாத்தியா, நான் சொல்லல? ஆயா பிள்ளைகளக் கெடுத்துட்டா, தாய்ப்பாசமே இல்லாம வளத்துட்டான்னு எழுதி, மூடிட்டுப் போகப் போறாக."

"நெசமாவே பாசம் இல்லாமப் போயிருமா மதினி?"

"வாய மூடு. நீ வேற."

அன்றிரவு சின்னத்தாய் தூங்கவில்லை என்று சொன்னால் அழகாக இருக்கும். நன்றாகத் தூங்கினாள். காலையில் எழும்போது திட்டம் தயாராக இருந்தது.

ஓடிப் போய்க் கட்டிக்கொண்டால்தான் நல்ல பிள்ளை என்று படிப்பு சொல்கிறதா? சரி. ஓட வைத்துவிடலாம். அன்று காலை மௌனிகா வருவதற்கு முன்னால் காப்பகத்தில் ஒத்திகை நடந்தது. சின்னத்தாயே மேட்டிலிருந்து அம்மாவாக இறங்கி வந்தாள். பதினொரு பிள்ளைகளும் ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டன.

"ஆயாம்மா, ஓடி வந்தா எத்தன முறுக்கு?" என்றான் அருண்பாண்டி.

"ஒண்ணு."

"அம்மான்னு கத்திக்கிட்டே வந்தா?"

"ரெண்டு. எங்கிட்டயே பேரம் பேசுறியாடா?"

தாய்மார்களுக்கும் உத்தரவு போயிற்று. இன்று குழாயடியில் கழுவ வேண்டாம், மேலே ஓடையிலேயே கழுவி, ஷீட்டையும் சட்டையையும் அங்கேயே வைத்துவிட்டு, சுத்தமாக இறங்கி வர வேண்டும். அன்றைக்கு ஏழாம் பிளாக்கில் மருந்தடி. யாரும் மறக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள்.

சாயங்காலம் எல்லாம் சினிமா மாதிரி நடந்தது. பத்துத் தாய்மார்கள் ஈரக் கையோடு இறங்கி வந்தார்கள். பத்துப் பிள்ளைகள் "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடின. அருண்பாண்டி கட்டிக்கொண்டது மட்டுமல்லாமல் அழவும் செய்தான். அதற்கு மூன்றாவது முறுக்கு கேட்பான் என்று சின்னத்தாய்க்குத் தெரிந்தது. மௌனிகா வாயைத் திறந்தபடி எழுதவே மறந்து உட்கார்ந்திருந்தாள்.

இந்து மட்டும் வாசலில் நின்று மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவசங்கரியை ஜோமோன் எடை போடுகிற இடத்தில் நிறுத்தி வைத்துவிட்டான். அவள் ஓடைப் பக்கம் போகாமல், நேரமாகிவிட்டதே என்று குறுக்கு வழியில் ஓடி வந்தாள். காப்பகத்துக் குழாயில் கழுவிக்கொள்ளலாம், எப்போதும்போலப் பிள்ளை சுவரைத்தானே பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துவிட்டாள். காப்பகத்தின் பதினான்கு வருஷத்துப் பழக்கம். ஒரு காலை ஒத்திகையில் போகுமா?

"இந்து, நில்லு!" என்று சின்னத்தாய் கத்துவதற்குள் பிள்ளை போய்விட்டது. அம்மா இடுப்பில் கட்டியிருந்த ஈர பிளாஸ்டிக் ஷீட்டில் முகத்தை முழுசாகப் புதைத்துக்கொண்டது.

முதலில் சிரிப்பு. பிறகு இரண்டு கையாலும் கண்ணைத் தேய்த்தது. பிறகு வீறிட்டது.

சின்னத்தாய் பிள்ளையைப் பறித்துக்கொண்டு குழாய்க்கு ஓடினாள். இமையை விரலால் பிரித்து, தண்ணீரை ஓடவிட்டாள். பிள்ளை உதைத்தது, கடித்தது. அவள் விடவில்லை. "வாளியக் கொண்டா! தலையப் புடி! அழு தாயி, நல்லா அழு, கண்ணு கழுவும்." தலையைப் பிடித்தது மௌனிகா. கால் மணி நேரம் அப்படியே நின்றார்கள். வண்டன்மேட்டு ஜீப் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் பயமில்லை என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். திரும்பி வந்து, காப்பகத்துப் படியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இந்து சிவசங்கரியின் மடியில் தூங்கிவிட்டாள். சிவசங்கரி இப்போது தலை முதல் கால் வரை கழுவியிருந்தாள். யாரும் சொல்லாமலே.

"நாந்தான்," என்றாள் சின்னத்தாய், யாரையும் பார்க்காமல். "நாந்தான் ஓடச் சொன்னேன். உன் நோட்டுக்காக."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சுவர், மருந்து, மணிகண்டன் கண், நோட்டைத் திருடிப் படித்தது வரை. மௌனிகா அழுதாள். அதிலும் ஏதாவது இருக்குமோ என்று சின்னத்தாய் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

"எங்க மேடம் சொல்லுவாங்க அக்கா, கொழந்த பண்றத மட்டும் எழுதிட்டு வராத, ஏன் பண்ணுதுன்னு கேட்டுட்டு வான்னு. நான் ஒரு நாளுகூடக் கேக்கலீங்க."

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

"ஏனுங்க?"

"நீ ஆபீஸ் ஆளு."

"நான் ஆபீஸ் ஆளு இல்லீங்க அக்கா!"

"அப்படித்தான் சொல்லுவாக."

மறுநாள் பிள்ளைகள் பழையபடி சுவருக்குத் திரும்பின. மௌனிகா ஐந்தேகால் வரை உட்கார்ந்தாள். நான்காவது நிமிஷத்தையும் ஐந்தாவது நிமிஷத்தையும் முதல்முறையாகப் பார்த்தாள். ஜீப் இல்லாததால் சின்னத்தாய் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். சங்கையா வெளியே கட்டிலைப் போட்டுக்கொண்டு, "எத்தன நாளைக்கு?" என்று மட்டும் கேட்டான்.

இரண்டு நாள் பார்த்துவிட்டு மௌனிகா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். "அக்கா, இந்து செவுத்தப் பாத்து உக்காந்துருக்கறப்ப சட்டக் காலரக் கடிக்குதுங்க. கவனிச்சிருக்கீங்களா?"

"வயித்துப் பூச்சி. மருந்து குடுத்துருக்கேன்."

"பூச்சி இல்லைன்னு தோணுதுங்க. அம்மா வந்தாச்சுன்னு தெரியுது, ஆனாப் பாக்கக் கூடாது. அந்த நேரம் அதுக்குப் பெருசுங்க. தொட வேண்டாம். ஆனா ஜன்னல்ல நின்னு பாத்துட்டுப் பேசிட்டு இருந்தா, காத்துக்கிட்டு இருக்கறது லேசா இருக்கும். அப்படித்தானுங்க நாங்க படிச்சிருக்கறோம்."

"பாத்தா ஓடிரும்."

"அம்மாவும் பேசிட்டே இருந்தா ஓடாதுங்க."

"நீ படிச்ச புஸ்தகத்துல ஏலத்தோட்டம் இருந்துச்சா?"

"இல்லீங்க."

"பெறகு?"

ஆனாலும் அன்று சாயங்காலம் சின்னத்தாய் பெஞ்சைச் சுவரோரத்திலிருந்து இழுத்து, குழாய்ப் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே போட்டாள். ஜன்னலுக்குக் கம்பி உண்டு; அரைக்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். எதையும் நம்பவில்லை. முதல் நாள் நாலு பிள்ளைகள் கதவில் மோதின. மூன்றாம் நாள் ஒன்றும் மோதவில்லை. அதற்குப் பதிலாக அதிகாரம் செய்ய ஆரம்பித்தன. "அம்மா, அந்தக் கை! அந்தக் கை!" "காதுக்குப் பின்னாடி!" ஒருத்தி முகம் கழுவாமல் நகர்ந்தாள், பதினொரு குரல் சேர்ந்து திட்டியது. முகர்ந்து பார்க்கிற வேலை சின்னத்தாய்க்குப் பாதியாகக் குறைந்தது.

வாரக் கடைசியில் இந்துவின் காலரைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வயிற்றுப் பூச்சி என்று மருந்து கொடுத்து அழ வைத்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பதினான்கு வருஷத்துப் பிள்ளைகள். எத்தனை காலர். மௌனிகாவுக்கு அன்று டீயில் சர்க்கரை விழுந்தது.

அதற்கு மறுநாள் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. மௌனிகா எழுதிய நோட்டின் நகலை மேனேஜர் கேட்கிறாராம். பதினொரு பெருக்கல் குறியும் அதற்குள்தான்.

"நான் சொன்னேன்ல?" என்றாள் சின்னத்தாய். சந்தேகம் பலித்ததில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, ஒரு நொடிதான். "அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போடு."

"கிழிக்கக் கூடாதுங்க அக்கா. தப்பா எழுதுனதும் இருக்கோணும். பக்கத்துல ஏன் தப்புன்னு எழுதறேன். ஆனா அதுல மருந்துன்னு எழுதியாகோணும். எழுதட்டுங்களா?"

சின்னத்தாய் சோறு பொங்க வீட்டுக்குப் போனாள். வீட்டில் சங்கையா, "வாயத் தொறந்தேன்னா ரெண்டு பேரு வேலையும் போகும்" என்றான். அது உண்மை. திறக்காவிட்டால் ஒருத்தி வேலை போகும். பதினொரு பிள்ளைகள் நாலு கிலோமீட்டர் கீழே போகும். சாயங்காலம் தாய்மார்கள் எப்படி அங்கே போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள்? ஜீப்பில். எந்தச் சேலையோடு? அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. சின்னத்தாய் அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"எழுது," என்றாள் மௌனிகாவிடம். "மலையாளத்துலயும் எழுது. எழுதுனத எனக்கு வாசிச்சுக் காட்டு. ஒரு வரி விடாம."

மௌனிகா வாசித்தாள். 'ஆயா பிள்ளைகளைத் திரும்பி உட்காரப் பழக்கியிருக்கிறார்' என்ற இடத்தில் சின்னத்தாய் நிறுத்தினாள். "ஆயான்னு எதுக்கு? பேரப் போடு."

"பேரு போட்டா உங்களுக்குத் தொந்தரவு வருமுங்க. எங்க படிப்புல பேரு போடறதில்லை."

"பேரு இல்லாட்டி நாளைக்கு வேற எவளையாவது சொல்லிட்டுப் போவாக. போடு."

ஆபீஸில் மேனேஜர் தாளைப் புரட்டினார். ஜோமோன் பக்கத்தில் நின்றான். மௌனிகா நாற்காலியில். சின்னத்தாய் உட்காரவில்லை.

"சேச்சி, மருந்து துணில நிக்கும்னு ஆரு பறஞ்சது?" என்றான் ஜோமோன்.

"எம் மகன் கண்ணு சொல்லுச்சு. போன வாரம் இந்து கண்ணு சொல்லுச்சு. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு, பாக்குறியா?"

ஜோமோன் பார்க்கவில்லை. மேனேஜர் தலையைத் தூக்கினார். "கீழ் டிவிஷனிலயும் பைப்பு உண்டல்லோ ஆயா? அவிட கழுவினாப் போதுமல்லோ?"

"பைப்பு அங்க இருக்கு சார், மருந்துச் சேல இங்கதான இருக்கு? இங்க கழுவாம ஜீப்புல ஏறுவாக. அங்க இறங்குற எடத்துல பிள்ளைக நிக்கும். இங்கேயே கழுவிட்டுப் போனாலும், திரும்பி வாரப்ப அதே ஜீப்பு. காலைலருந்து மருந்துச் சேலையும் சாக்கும் ஏத்துன ஜீப்பு. அந்த சீட்டுல, மடியில பிள்ளைய வச்சுக்கிட்டு நாலு கிலோமீட்டர். பதினோரு பிள்ள. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, இந்தத் தாள்ல நான் முன்னாடியே சொன்னேன்னு எம் பேரு இருக்கும்."

மேனேஜர் அந்தப் பெயர் இருக்கிற வரியைத் தேடிக் கண்டுபிடித்து இரண்டு முறை வாசித்தார். மௌனிகா தன் நோட்டில் எதையோ எழுதப் போனாள். சின்னத்தாய் பார்த்த பார்வையில் பேனாவை மூடிவிட்டாள்.

மௌனிகா ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து ஆபீஸிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. சின்னத்தாய் அதை முதலில் சிவசங்கரியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். பிறகு டீக்கடை யாக்கோபிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். அதனால் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று தோன்றியது. கடைசியில் அதைப் படம் பிடித்து மௌனிகாவுக்கு அனுப்பிவிட்டு, போன் செய்தாள்.

"இந்த சீசன் முடியற வரைக்கும் கிரஷ் அங்கேயே இருக்குமுங்க அக்கா. இன்னொரு குழாயும் போட்டுத் தர்றாங்களாம். அடுத்த வருசம் மறுபடி பாத்து முடிவு பண்ணுவாங்களாம்."

"அடுத்த வருஷமா?" என்றாள் சின்னத்தாய். பின்னால் பிள்ளைகள் யாரோ ஒருத்தியின் முழங்கையைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தன. "அப்ப உங்க காலேஜுல சொல்லி வையி. அடுத்த வருஷமும் ஒரு பிள்ளைய அனுப்பச் சொல்லு. நாலரைக்கு ஓடுற பிள்ள வேண்டாம். அஞ்சேகால் வரைக்கும் உக்காருற பிள்ளையாப் பாத்து அனுப்பு."